அறிவியற் செய்தியும் வாசகர் நகையும்

மெய்ப்பாடுகள் எட்டினையும் வரிசைப்படுத்திய தொல்காப்பியர் நகையை முதலிலும் மருட்கையை நான்காம் இடத்திலும் வைத்தார். எள்ளல், இளமை, பேதைமை, மடன் என்னும் நான்கும் நகை பிறக்கும் களங்கள். புதுமை, பெருமை, சிறுமை, ஆக்கம் என்னும் நான்கும் மருட்கை பிறக்கும் களங்கள். இப்பகுப்பு செய்யுளுக்கென வகுக்கப்பட்டதாயினும் இக்காலத்து அறிவியற் செய்திகளை ஆராய்வார்க்கும் பெரிதும் பயன்படுவதாகும். யாங்ஙனமெனின், அத்தகைய செய்தியை வெளியிடுவோர் வாசகரிடத்து எழுப்ப விரும்புவது மருட்கை. முன்பு இல்லாதது இன்று உண்டாயிற்று என்பது புதுமை. மலைபோன்ற பொறி என்பது பெருமை. உள்ளங்கையில் அடங்கும் கருவி என்பது சிறுமை. ஒன்று மற்றொன்றாய் வளர்ந்தது என்பது ஆக்கம். இந்நான்கும் குறைவற அமைந்த செய்தியைப் படித்தவர் வியந்து நிற்பாரென எதிர்பார்க்கப்படுகின்றது. அவரோ சிரிக்கின்றார். சிரிப்பதோடமையாது ஒருவரியில் மறுமொழியும் சொல்லிவிடுகின்றார். அவ்வொருவரி செய்தியைக் காட்டிலும் விரைந்து அடுத்த வீட்டுக்கும் அடுத்த நாட்டுக்கும் சென்றுசேர்கின்றது.

இந்த ஒருவரி நகைமொழியைத் திறனாய்வுக்குரிய பொருளாகக் கொள்ளலாமோ எனச் சிலர் ஐயுறுவர். தனிப்பாடற்றிரட்டை இலக்கியமென ஏற்றுக்கொண்டோர்க்கு அவ்வையம் எழ நியாயமில்லை. காளமேகத்தின் பெயரால் வழங்கும் பாடல்களுட் பல, கண்முன் நிகழ்ந்ததொன்றுக்கு அவ்விடத்திலேயே சொல்லப்பட்ட மறுமொழிகள் அல்லவோ! அங்கே யாப்பு உண்டு, இங்கே இல்லை; அங்கே பாடியவர் பெயர் நிலைத்தது, இங்கே சொன்னவர் பெயர் மறுநாளே மறைகின்றது. வேறுபாடு இவ்வளவே. ஈழத்துத் தமிழ்ப் பத்திரிகை உலகிலும் இதற்கு முன்னோர் உளர். சுந்தர் என்னும் பெயரிற் கருத்தோவியம் வரைந்த சி. சிவஞானசுந்தரம் தினகரனிற் சவாரித்தம்பரை நடமாடவிட்டார். பின்பு 1960களிற் கொழும்பிலே சிரித்திரன் என்னும் நகைச்சுவை இதழைத் தொடக்கினார். அவ்விதழில் வாசகர் வினவுவர். மகுடியார் ஓரிரு வரியில் விடையிறுப்பார். வாசகர் பலர் இதழை வாங்கியவுடன் முதலில் தேடியது அப்பக்கத்தையே எனலாம். இன்று முறை தலைகீழாயிற்று. செய்தி வினாவாகி நிற்க வாசகரே மகுடியாராய் விடைபகருகின்றனர். ஆயினும் மகுடியார் ஒருவர். அவர் தம் சொல்லை ஆய்ந்து அச்சேற்றினார். இப்பொழுதோ ஆயிரவர், ஆய்வதற்கு ஒரு நொடியும் கொள்ளாதவர். ஆதலின் எது நல்ல நகை, எது பதர் என்று பிரித்துக் காணும் பொறுப்பு, கேட்போரிடத்தே வந்து சேர்ந்துள்ளது. தமிழாசிரியர்க்கும் அறிவியலாசிரியர்க்கும் ஒருசேர உரிய பொறுப்பு அது.

முதலிற் சிறியதொரு எடுத்துக்காட்டு. 2019 யூன் 17ஆம் நாள் அனைத்துலக விண்வெளி நிலையத்திலிருந்து இராவணா 1 என்னும் இலங்கையின் செய்மதி விண்ணில் விடப்பட்டது. ஜப்பானின் கியூஷு தொழில்நுட்பக் கழகத்திலே இலங்கைப் பொறியியலாளர் இருவர் அமைத்த அது ஏறத்தாழ 1 கிலோகிராம் எடையும், பக்கம் 10 சென்ரிமீற்றர் அளவும் உடையது. ஒரு சிறு பலகாரப் பெட்டிக்கு நிகரானது. அதன் சிறுமையையும் அதற்கிட்ட பெயரின் பெருமையையும் அருகருகே வைத்துச் சிலர் எள்ளினர். புட்பக விமானத்தில் ஊர்ந்தவன் பெயர் ஒரு கைப்பிடிப் பெட்டிக்கோ என்பது அவ்வெள்ளலின் சாரம். பெயரை எள்ளியது பொருந்தும். பொருளை எள்ளியது பொருந்தாது. சிறுமையும் மருட்கைக்குக் களன் என்பதை அவர்கள் மறந்தனர். வான்வெளிக்கு அனுப்பும் ஒவ்வொரு கிராமுக்கும் விலையுண்டு என்பதை அறிந்தவன், அத்துணைச் சிறிய பெட்டிக்குள் நிழற்படக் கருவியும் வானொலிக் கருவியும் அடங்கியதை எண்ணி வியப்பானேயன்றிச் சிரியான்.

மறுவருடம் யூலை மாதத்தில், இராவணனைப் பற்றியும் பண்டை வான்வழிகளைப் பற்றியும் ஏடுகளோ நூல்களோ உடையோர் தருக என்று விமானப் போக்குவரத்துத் துறையினர் பத்திரிகையில் விளம்பரம் செய்தபொழுது எழுந்த சிரிப்பு வேறுவகையினது. அது நியாயமான சிரிப்பு. விமானத்தை ஆராய ஏட்டைத் தேடுவது, ஏட்டை ஆராய விமானத்தைத் தேடுவது போன்றதே. இராவணனைச் சிவபத்தனாகப் போற்றுவாரும், பெருங் காப்பியத்தின் எதிர்த்தலைவனாகக் காண்பாரும், தம் இனத்துப் பேரரசனாக உரிமை கொண்டாடுவாரும் இத்தீவில் உளர். அவனைப் பொறியியலாளனாக்கும் முயற்சியில் மட்டும் எல்லாரும் சேர்ந்து சிரிக்க முடிந்தது என்பது ஒருவகையில் ஆறுதலே.

நிற்க. இப்பொருளிற் பெரிதும் ஆராயத்தக்க நிகழ்ச்சி, இராவணனை விட்டு அவன் நகர்க்கு வந்த தூதனை நினைப்பிப்பதாக 2025ஆம் ஆண்டில் நிகழ்ந்தது. பெப்ரவரி 9ஆம் நாள், ஞாயிற்றுக்கிழமை. முற்பகல் 11 மணிக்குப் பின் இலங்கை முழுவதும் மின்சாரம் அற்றது. வெள்ளவத்தையில் ஞாயிறு மதியம் என்பது சந்தையிலிருந்து திரும்பிய குடும்பங்கள் அடுப்பும் கையுமாயிருக்கும் வேளை. தொடர்மாடிகளில் மின்தூக்கி நின்றது. நீரேற்றும் பொறி நின்றதனால் மேல்மாடிகளிற் குழாய் வறண்டது. கொட்டாஞ்சேனையின் ஒடுங்கிய ஒழுங்கைகளில் மின்விசிறியின்றி வீட்டுக்குள் இருக்கவொண்ணாது மக்கள் வாசலுக்கு வந்தனர். மருத்துவமனை முதலியவற்றுக்கு மூன்று மணி நேரத்தின் பின் மின்சாரம் மீளத் தொடங்கிற்று. ஏனைய இடங்கள் மாலைவரை காத்திருந்தன. காரணம் கேட்ட பத்திரிகையாளர்க்கு எரிசக்தி அமைச்சர் குமார ஜயக்கொடி கூறிய விடை, பாணந்துறை உப மின்நிலையத்தில் ஒரு குரங்கு நிலைமாற்றியைத் தொட்டுவிட்டது, அதனால் அமைப்பின் சமநிலை குலைந்தது என்பதாகும்.

ஏறத்தாழ இரண்டேகால் கோடி மக்களும் ஒரு குரங்கும்! இவ்விகிதமே நகைக்குப் போதுமானது. மின்கலத்தில் எஞ்சிய சக்தியைக்கொண்டு கைத்தொலைபேசியைத் திறந்தவர்கள் அன்று பகல் முழுவதும் ஒருவர்க்கொருவர் அனுப்பியது குரங்கு பற்றிய மொழிகளையே. உலகப் பத்திரிகைகளும் எடுத்துப் பேசின. அம்மொழிகளைத் தொகுத்து நோக்கின் அவை சில கூட்டங்களாய்ப் பிரிவது புலனாகும்.

ஒருசாரார் நம்பாதவர். குரங்காவது, மின்சாரத்தை நிறுத்துவதாவது. பழியைச் சுமத்த வாயில்லாப் பிராணி அகப்பட்டதே என்பது அவர்தம் நகை. ஆட்சியாளர் சொற்களைப் பன்முறை நம்பிக் கெட்டவர்கள் இவ்வாறு சொல்வதில் வியப்பில்லை. 2022ஆம் ஆண்டு மார்ச்சு இறுதியில் நாளொன்றுக்கு 13 மணிநேர மின்வெட்டைக் கண்ட நாடு இது. ஆயினும் நகையென்ற அளவில் இது நலிந்தது. ஏனெனில் நிகழ்ந்திருக்கக்கூடிய ஒன்றை நிகழாது என்று கருதிச் சிரிப்பது பேதைமையின்பாற்படும். 2016 யூன் 7ஆம் நாள் கெனியா நாட்டிலே கித்தாரு நீர்மின் நிலையத்தின் கூரையிலிருந்து நிலைமாற்றிமேல் வீழ்ந்த குரங்கொன்று நாடுமுழுவதையும் இருளில் ஆழ்த்தியது, குரங்கு பிழைத்துக்கொண்டது. அவ்வாண்டு ஏப்ரலில் சுவிற்சர்லாந்து எல்லையிலுள்ள சேர்ன் ஆய்வுநிலையத்தில் உலகின் மிகப்பெரிய துகள்முடுக்கியை நிறுத்தியது கீரி போன்றதொரு சிறு விலங்கு. 1987இல் அமெரிக்காவில் ஒரு அணில் பங்குச்சந்தையொன்றின் கணினிகளை ஏறத்தாழ ஒன்றரை மணிநேரம் ஓயவைத்தது. சேதுவுக்கு மணல் சுமந்த அணிலின் வழித்தோன்றல் போலும்! ஆதலின் குரங்கு மின்னை நிறுத்தாது என்பார், குரங்கையும் அறிந்திலர், மின்னையும் அறிந்திலர்.

இரண்டாவது சாரார் இதிகாசம் கற்றவர். அனுமனின் படத்தை எடுத்துக்காட்டி, இலங்கைக்கு வானரத்தால் வந்த துன்பம் இது முதன்முறையன்று என்றனர். கடல்கடந்தும் பலர் சொன்ன நகை இதுவே. எளிதிற் கிட்டுவது, எவரையும் நோகச்செய்யாதது, சொன்னவனுக்கு ஒரு சிறு புலமையையும் அளிப்பது. வெள்ளவத்தைக்கும் பாணந்துறைக்கும் இடைவழியிலே தெகிவளையில் ஆஞ்சநேயர் திருக்கோயில் இருப்பதும் சிலர்க்கு உதவிற்று. எனினும் ஒப்புமை முதற்படியோடு நின்றுவிட்டது. அனுமன் இலங்கைக்குத் தீயிட்டான். அன்றிரவு நகரில் வெளிச்சம் மிகுந்ததேயன்றிக் குறையவில்லை. பாணந்துறை வானரமோ உள்ள விளக்கையும் அணைத்தது. அனுமன் பிடிபட்டான், அரசவையில் நிறுத்தப்பட்டான், யார் நீ என்று வினாவப்பட்டான், தூதனைக் கொல்லலாகாது என்று வீடணன் வழக்குரைத்தான். இராவணன் அவையிலும் குற்றஞ்சாட்டப்பட்ட குரங்குக்கு ஒரு விசாரணை கிட்டியது. இவ்வளவும் கதையிற் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தும், ஒப்புமை சொன்னோர் வாலில் வைத்த தீயோடு அமைந்தனர். காப்பியம் கற்றவன் கையில் உவமை ஒரு சாவி. அதனைக் கதவில் இடாது விரலிற் சுழற்றிக்கொண்டிருப்பது அழகன்று.

தமிழில் எழுந்த நகைமொழிகள் பெரும்பாலும் பழமொழிகளைச் சார்ந்தன. குரங்கு கையிற் பூமாலையும், பிள்ளையார் பிடிக்கப் போய்க் குரங்காய் முடிந்த கதையும் அன்று ஓய்வின்றி உழைத்தன. பழமொழி ஆயத்தச் சட்டை. பலர்க்கும் பொருந்தும், ஒருவர்க்கும் அளவெடுத்ததாகாது. ஆனால் இக்கூட்டத்துள் ஒருங்கு வைத்து எண்ணத்தக்க ஒரு பழமொழி உண்டு. அது குரங்கைப் பற்றியதன்று, காகத்தைப் பற்றியது. காக்கை இருக்கப் பனம்பழம் விழுந்தது என்பர். வடநூலார் காகதாலிய நியாயம் என்பதும் அதுவே. காகம் வந்து இருந்ததும் மெய். பழம் வீழ்ந்ததும் மெய். ஒன்றால் மற்றொன்று நிகழ்ந்ததோ என்பதே வினா. பனங்கூடல் கண்டு வளர்ந்த யாழ்ப்பாணத்தான் இன்னும் ஒன்று அறிவான். பழம் நன்றாகக் கனிந்து காம்பு தளர்ந்திருப்பின், காகத்தின் எடையும் போதும். அப்பொழுது காகம் குற்றமற்றது என்றும் சொல்லவியலாது, காகமே காரணம் என்றும் சொல்லவியலாது. பாணந்துறை நிகழ்ச்சிக்கு இதனிற் பொருத்தமான உவமை வேண்டுமோ?

சைவசித்தாந்தம் பயின்றோர் இதனை வேறு சொல்லால் விளக்குவர். குடத்துக்கு மண் முதற்காரணம், திரிகை துணைக்காரணம், குயவன் நிமித்தகாரணம். தீவு முழுதும் இருண்டமைக்கு நிமித்தம் குரங்கென்றே வைத்துக்கொள்வோம். மண் எது, திரிகை எது? அமைச்சர் நிமித்தத்தை மட்டும் சொன்னார். சிரித்தோரிற் பெரும்பாலார் அந்நிமித்தத்தையே பற்றிக்கொண்டு ஆடினர். சொன்னவரும் சிரித்தவரும் அறியாமலே ஓருடன்படிக்கைக்கு வந்துவிட்டனர்: பேச்சு குரங்கைப் பற்றியதாகவே இருக்கட்டும் என்பது அவ்வுடன்படிக்கை. எள்ளல் அதிகாரத்தைச் சுடும் என்பர். அன்று அது அதிகாரத்துக்கு நிழல் தந்தது.

எல்லாரும் அவ்வாறு ஏமாந்தனர் எனல் பொருந்தாது. நான்காவதாக ஒரு சாரார் இருந்தனர், சிலரே. அவர் குரங்கை மறுக்கவில்லை. அமைச்சர் சொல்லை முழுவதும் நம்பினர். நம்பி, அதனை இன்னும் ஓரடி நடத்திச் சென்றனர். ஒரு குரங்கு இத்துணைக் குழப்பம் விளைக்குமாயின், சீர்செய்யப்பட வேண்டியது குரங்கோ, மின்கட்டமைப்போ என்று அவர்கள் வினவியது உலகப் பத்திரிகைகளிலும் எடுத்தாளப்பட்டது. ஒரு மின்நிலையத்துக் குரங்குச் சண்டையால் ஒரு நாடே இருளடைவது இங்கன்றி எங்கே நிகழும் என்று கொழும்புப் பத்திரிகையாளரும் எள்ளினர். எங்கும் நிகழும் என்பதைக் கெனியா காட்டுமாயினும், எள்ளலின் திசை சரியானது. தண்டியாசிரியர் இலேசத்தின்பாற்படுத்திய புகழ்வதுபோலப் பழித்தல் என்பதன் இக்காலத்து வடிவம் இது. எதிரியின் கூற்றை மறுத்துரைப்பவனுக்கு எதிரி விடைசொல்லக்கூடும். ஏற்றுக்கொண்டு நீட்டுபவனுக்கு விடைசொல்லல் அரிது. நீண்டு நிற்பது எதிரியின் சொல்லே அல்லவா?

அவ்வினாவுக்கு உரிய விடை மறுநாள் முதல் துண்டுதுண்டாக வெளிவந்தது. மின்வலையமைப்பைப் புதுக்காவிடின் இவ்வாறான வீழ்ச்சி மீண்டும் மீண்டும் நேருமெனப் பொறியியலாளர் பல்லாண்டு எச்சரித்து வந்தமை பத்திரிகையில் எழுதப்பட்டது. மின்சார சபையும் தன் விளக்கத்தை வெளியிட்டது. அதனை எளிய தமிழிற் சொல்வதாயின், மின்னின் உற்பத்தியும் பாவனையும் கணந்தோறும் ஒத்திருத்தல் வேண்டும். ஒத்திருக்குங்கால் மீடிறன் 50 ஹேர்ட்ஸில் நிற்கும். ஓரிடத்திற் பழுது நேர்ந்து அவ்வொப்பு குலையும்பொழுது, நீராலும் நீராவியாலும் சுழலும் பெருஞ் சுழலிகள் தம் கனத்தாலேயே சிறிதுநேரம் தாங்கிநிற்கும். ஆடிவேல் விழாவிற் காலி வீதிவழிச் செல்லும் தேர் ஒரு சிறு கல்லுக்கு நின்றுவிடாது. அதே கல்லில் ஏறிய துவிச்சக்கரவண்டி சரிந்துவிடும். தேருக்கு உள்ள இவ்வியல்பையே இலங்கைப் பாடநூல்கள் சடத்துவம் என்று கற்பிக்கின்றன. ஞாயிற்றுக்கிழமையில் அலுவலகங்களும் ஆலைகளும் மூடியிருந்தமையால் தேவை குறைந்திருந்தது. வெயில் நன்றாக எறித்தமையால் அத்தேவையிற் பெரும்பங்கைக் கூரைமேற் சூரியத் தகடுகளே நிறைத்தன. சுழலும் பெரும்பொறிகள் சிலவே இயங்கின. சூரியத் தகட்டுக்குச் சுழற்சி இல்லை, ஆதலின் அந்தச் சடத்துவமும் இல்லை. அன்றியும் குழப்பத்தைக் கண்டவுடன் தாமாகவே விலகிக்கொள்ளும்படி அமைந்தவை அவற்றின் இணைப்புக் கருவிகள். தேர் ஓடவேண்டிய வீதியில் அன்று துவிச்சக்கரவண்டி ஓடிற்று; அதற்கு முன்னால் குரங்கு வந்தது. ஒன்றன்பின் ஒன்றாய் நிலையங்கள் நின்றன. நுரைச்சோலையிலுள்ள 900 மெகாவாற்று நிலக்கரி மின்நிலையமும் நின்றது. அதன் மூன்று பொறிகளையும் உடனே மீள இயக்கவியலாமையால் 10ஆம், 11ஆம் நாள்களில் ஒன்றரை மணிநேர மின்வெட்டும் விதிக்கப்பட்டது.

குரங்கை எள்ளியவர் எண்ணற்றவர். இவ்விளக்கத்தை எடுத்துப் பேசியவர் மிகச் சிலர். அது வெளிவந்தபொழுது சிரிப்பு அடங்கியிருந்தது, விளக்கும் எரிந்துகொண்டிருந்தது. இங்கேதான் தமிழ் வாசகன் இழந்தது ஒன்று உண்டு. சடத்துவம் என்னும் சொல் தமிழிற் சிரிப்போர்க்கு வாய்த்த ஒரு கொடை. பொறியியலாளர் கூற்றின்படி வலையமைப்பு வீழ்ந்தது சடத்துவம் போதாமையால். சடமாயிருத்தலே நாட்டைக் காக்குமெனின், கோப்பை ஒரு மேசையிலிருந்து மறுமேசைக்கு நகர்த்த ஆறுமாதங் கொள்ளும் அலுவலகம் எதனையேனும் மின்நிலையத்தோடு இணைத்திருக்கலாமே என்று உயர்தர வகுப்பில் பௌதிகம் படிக்கும் மாணாக்கன் ஒருவன் சொல்லக்கூடும். அவன் அவ்வாறு சொல்வானாயின் அது காளமேகத்தின் வழிவந்த சிலேடை. அதனைச் சொல்லப் பாடம் தெரிந்திருக்க வேண்டும்; கேட்டுச் சிரிக்கவும் பாடம் தெரிந்திருக்க வேண்டும். சிரித்து முடித்த பின் கேட்டவன் மனத்தில் மீடிறனும் சுழலியும் எஞ்சும். குரங்கு நகையிற் சிரித்து முடித்த பின் எஞ்சுவது குரங்கே.

தமிழ்வழி பௌதிகம் கற்ற பல்லாயிரவர் இந்நகரில் உளர். அவர்கள் கற்ற சொற்கள் தேர்வுத்தாளோடு நின்று, நகையிலும் வீட்டுப் பேச்சிலும் புகாதிருப்பதேன்? ஒரு மொழியிற் கலைச்சொல் உயிர்பெற்றதா என்பதற்கு அகராதி சான்றாகாது. அச்சொல்லை வைத்து மக்கள் பகடி பண்ணுகின்றனரா என்பதே சான்று. வெள்ளவத்தையிலே கொழும்புத் தமிழ்ச் சங்க மண்டபத்தில் கலைச்சொல்லாக்கம் பற்றிப் பேசுவோர் இவ்வளவுகோலையும் ஒருமுறை எடுத்துப் பார்க்கலாம்.

நகைக்கு எல்லையும் உண்டு. 2020 நவம்பரில் சுகாதார அமைச்சராயிருந்த பவித்திரா வன்னியாராச்சி, பெருந்தொற்றை அகற்றும்பொருட்டு மந்திரித்த நீர்க் குடத்தை ஆற்றில் இட்டார். அடுத்த மாதம் கேகாலையைச் சேர்ந்த ஒருவர், காளி அருளியதென்று கூறி ஆக்கிய பாணியை வாங்க ஆயிரக்கணக்கானோர் திரண்டனர். அமைச்சரும் அதனைப் பலரறிய அருந்தினார். 2021 யனவரியில் அவர்க்கே நோய் கண்டது. அக்காலத்து நகைமொழிகள் கூரியன. அச்சத்தின் நடுவே மக்களை அறிவோடு நிறுத்திவைத்தன என்றும் சொல்லலாம். ஆனால் அதே மாதங்களில் அறிவியலின் பெயரால் வந்த மற்றொரு கூற்றும் உண்டு. நோயால் இறந்தோரைப் புதைத்தால் நிலத்தடி நீர் கெடும் என்று கூறி, முசுலிம் மக்களின் உடல்களும் அவர்தம் சமயத்துக்கு மாறாக எரிக்கப்பட்டன. புதைத்தலுக்கு உலகச் சுகாதார நிறுவனம் தடை சொல்லவில்லை. 2021 பெப்ரவரி இறுதியிலேயே அவ்விதி நீங்கிற்று. அரசு மன்னிப்புக் கோர முடிவுசெய்தது 2024 யூலையில். பாணியைப் பற்றி ஓயாது சிரித்த நாவுகள் இக்கூற்றின் முன் பெரும்பாலும் வாளாவிருந்தன. துயருற்றார் முன் சிரியாமை பண்பே. ஆயினும் பாணியை ஆராய்ந்த அறிவு நிலத்தடி நீரையும் ஆராய்ந்திருக்கலாம். அதற்குச் சிரிப்பு வேண்டுவதில்லை. தமக்கு நேராத துன்பத்தில் வாசகர் கூர்மை மழுங்கியது என்றே கொள்ளவேண்டியுள்ளது.

குரங்கின் கதைக்கு ஒரு பின்னிணைப்பும் உண்டு. 2023இல் ஒரு இலட்சம் குரங்குகளைச் சீனாவுக்கு அனுப்பும் எண்ணம் வெளியிடப்பட்டு, வழக்கின்பின் யூன் மாதத்திற் கைவிடப்பட்டது. 2025 மார்ச்சு 15ஆம் நாள் காலை 8 மணிமுதல் ஐந்தே நிமிடம், தத்தம் வளவிலுள்ள குரங்கு, மயில், மரவணில் ஆகியவற்றை எண்ணித் தரும்படி நாட்டுமக்கள் கேட்கப்பட்டனர். எண்ணப்படுவோர் எண்ணுவோர்க்காக அசையாது நிற்பரோ என்ற நகை எவர்க்கும் தோன்றக்கூடியதே. பயிரிழந்த உழவர்க்கு அது நகையன்று; அவர்கள் எண்ணினர். நகரத்தார் சிரித்தனர், அவர்க்கு எண்ணக் குரங்கில்லை.

அதனினும் கருதத்தக்கது அடுத்த மாதம் வந்தது. சித்திரைப் புத்தாண்டு விடுமுறையில் மின்தேவை மிகக் குறையும் என்பதனால், ஏப்ரல் 13 முதல் 21 வரை நாள்தோறும் பிற்பகல் 3 மணிவரை கூரைமேற் சூரியத் தகடுகளை நிறுத்திவைக்கும்படி மின்சார சபை வேண்டுகோள் விடுத்தது. பெப்ரவரியிற் குரங்கின் பின்னே மறைந்திருந்த முதற்காரணம் இப்பொழுது தானே முன்வந்து நின்றது. தைப்பொங்கலன்று கதிரவனுக்குப் படைத்துவிட்டுச் சித்திரை பிறந்தவுடன் அவனைச் சற்று ஒதுங்கியிருக்கும்படி கேட்பதோ எனச் சிரிக்க இடமிருந்தது. அன்றியும் எரிபொருளை இறக்குமதி செய்யக் கடன்பட்ட நாடொன்று விலையில்லா வெயிலை வேண்டாமென்பது ஏன் என்று வினவவும் இடமிருந்தது. குரங்குக்குக் கிடைத்த வரவேற்பு இச்செய்திக்குக் கிட்டவில்லை. இதில் விலங்கு எதுவும் இல்லை. வெள்ளவத்தைத் தொடர்மாடிகளிற் கூரை எவர்க்கும் தனியுரிமையன்று. தகடு பதித்தோரும் சிலரே. தமக்கு வந்த வேண்டுகோள் அன்றென்று பலர் பத்திரிகையின் அடுத்த பக்கத்தைப் புரட்டினர்.